முகத்துக்கும் தரைக்கும் ஒரே எண்ணெயா? டீ ட்ரீ எண்ணெய் குறித்து ஒரு தாய்க்குத் தோல் மருத்துவரின் பதில்

கேள்வி: என் மகளுக்கு 15 வயது. முகப்பரு அதிகமாக இருந்ததால், வீட்டில் இரண்டு ஆண்டுகளாக இருக்கும் டீ ட்ரீ எண்ணெயைப் பஞ்சில் தொட்டு, எதனுடனும் கலக்காமல், தினமும் இரவில் அவள் கன்னத்தில் வைத்து வந்தோம். முதல் இரண்டு வாரம் பரு நன்றாக அடங்கியது. மூன்றாவது வாரத்தில் கன்னம் சிவந்து, அரிப்பெடுத்து, தோல் உரியத் தொடங்கியது. இப்போது கண்ணிமையும் வீங்கியிருக்கிறது. உள்ளே இருக்கும் அழுக்கு வெளியேறுகிறது, நிறுத்த வேண்டாம் என்று தெரிந்தவர் ஒருவர் சொல்கிறார். என் கணவரின் கால்விரல் இடுக்கில் உள்ள அரிப்புக்கும், குளியலறைச் சுவரில் படரும் கரும்பூஞ்சைக்கும், தரை துடைக்கும் தண்ணீரிலும் இதே எண்ணெயைத்தான் பயன்படுத்துகிறேன். வீட்டில் 4 வயது மகனும் ஒரு பூனையும் உண்டு. வாய்ப்புண்ணுக்கு இதைத் தண்ணீரில் விட்டுக் கொப்பளிக்கலாமா? இயற்கையான பொருள் எப்படித் தீங்கு செய்யும்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் செய்ய வேண்டியது ஒன்றுதான்: இன்றிரவு முதல் உங்கள் மகளின் முகத்தில் அந்த எண்ணெய் ஒரு சொட்டுக்கூடப் படக்கூடாது. அழுக்கு வெளியேறுகிறது என்று உங்களுக்குச் சொன்னவர் நல்லெண்ணத்தோடு சொல்லியிருக்கலாம். ஆனால் தோலுக்கு அப்படியொரு வழக்கம் கிடையாது. நீங்கள் விவரித்திருக்கும் சிவப்பும், அரிப்பும், உரிதலும், எண்ணெய் தடவாத கண்ணிமை வரை பரவிய வீக்கமும் ஒவ்வாமையால் வரும் தோல் அழற்சியையே காட்டுகின்றன. நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்வது முறையாகாது. ஆயினும் இரண்டு வாரம் ஒன்றும் செய்யாமல் இருந்த பொருள் மூன்றாவது வாரத்தில் சினந்தெழுவது இந்த ஒவ்வாமைக்கே உரிய நடை என்பதால், வேறு காரணத்தைத் தேடுவதற்கு முன் இதைத்தான் நான் ஐயுறுவேன்.

தோலை ஒரு பொருள் இரண்டு வகையில் புண்படுத்தலாம். ஒன்று நேரடியான எரிச்சல்: காரம் மிகுந்த பொருள் பட்ட சில நிமிடங்களிலோ சில மணி நேரத்திலோ, பட்ட இடத்தில் மட்டும் எரியும், கழுவி நிறுத்தினால் தணியும், பிறகு நீர்த்த அளவில் தடவினால் ஒன்றும் ஆகாமலும் போகலாம். மற்றொன்று ஒவ்வாமை. அதில் உடலின் எதிர்ப்பாற்றல் அந்தப் பொருளை அடையாளம் கண்டு பகையாகப் பதிவு செய்துகொள்கிறது. அந்தப் பதிவு நடக்கப் பெரும்பாலும் பத்து நாளோ அதற்கு மேலோ பிடிக்கும்; அந்தக் காலம் முழுவதும் வெளியே எதுவும் தெரியாது. பதிவு முடிந்தபின், ஒவ்வொரு முறை அந்தப் பொருள் படும்போதும் ஒன்று முதல் மூன்று நாட்களுக்குள் அரிப்பும் சிவப்பும் தலைகாட்டும். பட்ட இடத்தைத் தாண்டியும் பரவும். கண்ணிமைத் தோல் உடலிலேயே மிக மெல்லியது என்பதால், விரலில் ஒட்டிய சிறிதளவோ காற்றில் கலந்த ஆவியோகூட அங்கே வீக்கத்தை உண்டாக்கப் போதும்.

இது ஏன் நேர்ந்தது என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். உங்கள் கடிதத்திலேயே அதற்கான இரண்டு காரணங்கள் இருக்கின்றன: எதனுடனும் கலக்காமல் தடவியது ஒன்று, எண்ணெயின் வயது இரண்டு.

டீ ட்ரீ எண்ணெய் என்பது ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் வடகிழக்குப் பகுதியையும் அதை ஒட்டிய குவீன்ஸ்லாந்தையும் தாயகமாகக் கொண்ட மெலலூகா ஆல்டர்னிஃபோலியா என்ற மரத்தின் இலைகளிலிருந்து நீராவியால் வடித்தெடுக்கப்படுவது. அப்பகுதியின் பண்ட்ஜலுங் பழங்குடி மக்கள் இந்த இலைகளைக் கசக்கியும் அரைத்தும் காயங்களுக்கும் தோல் நோய்களுக்கும் பயன்படுத்தி வந்தார்கள். 1920களில் சிட்னியைச் சேர்ந்த வேதியியலாளர் ஆர்தர் பென்ஃபோல்டு வடித்த எண்ணெயின் கிருமிநாசினி ஆற்றலை ஆய்ந்து வெளியிட்ட பின்னரே அது மருந்துப் பொருளாக உலகத்துக்கு அறிமுகமானது. ஒரு கிலோ பச்சை இலையிலிருந்து கிடைக்கும் எண்ணெய் ஏறக்குறைய 10 முதல் 20 கிராம் மட்டுமே. ஆகவே இலையைக் கசக்கித் தடவிய வழக்கத்தைச் சான்றாகக் காட்டி, வடித்த எண்ணெயை அப்படியே முகத்தில் வைப்பது சரியாகாது. இலை இயற்கையானதுதான், பாட்டிலில் இருப்பது அந்த இலையில் நூற்றில் ஒரு பங்கோ இரு பங்கோ மட்டும் இருந்த பொருளைத் தனியே பிரித்துத் திரட்டிய செறிவு. அதில் சுமார் நூறு வேதிப்பொருட்கள் உள்ளன. அவற்றில் முதன்மையானதும் கிருமிகளின் மேலுறையைச் சிதைக்கும் ஆற்றல் கொண்டதும் டெர்பினென்-4-ஆல் என்பது. கிருமியின் உறையைச் சிதைக்கவல்ல ஒரு பொருள் செறிவு மிகுந்திருக்கும்போது மனிதத் தோலின் காப்புப் படலத்தையும் குலைக்கும் என்பதில் வியப்பில்லை.

இரண்டாவது காரணம் இதைவிட முக்கியமானது; பலர் கவனிக்காமல் விடுவதும் இதைத்தான். இந்த எண்ணெய் கெட்டுப்போகும். காற்றும் வெளிச்சமும் வெப்பமும் ஈரமும் படப்பட, அதிலுள்ள டெர்பினீன் வகைப் பொருட்கள் உயிர்வளியோடு சேர்ந்து பெராக்சைடுகளாகவும் அஸ்காரிடோல் போன்ற வேறு சேர்மங்களாகவும் மாறுகின்றன. பாரா-சைமீன் என்ற பொருளின் அளவும் ஏறுகிறது. இப்படி உருவாகும் பொருட்களே ஒவ்வாமையைத் தூண்டுவதில் புதிய எண்ணெயைவிடப் பன்மடங்கு வலிமை வாய்ந்தவை. இரண்டு ஆண்டுகளாகத் திறந்து திறந்து மூடப்பட்ட பாட்டிலில், அளவு குறையக் குறைய உள்ளே காற்று கூடிக்கொண்டே போயிருக்கும். எண்ணெய் பார்வைக்கு மாறாமல் இருக்கலாம், பருவை அடக்கும் ஆற்றலும் அதில் ஓரளவு மிஞ்சியிருக்கலாம். அதனால்தான் முதல் இரண்டு வாரம் பயன் தெரிந்தது. அதே நாட்களில்தான் உங்கள் மகளின் உடல் அதை வேண்டாப் பொருளாகப் பதிவு செய்துகொண்டும் இருந்திருக்கிறது. ஒவ்வாமைப் பரிசோதனைக்காகத் தோல் மருத்துவமனைகளுக்கு வந்தவர்களிடையே இந்த எண்ணெய்க்கு ஒவ்வாமை காட்டியோர் 0.1 முதல் 3.5 சதவீதம் வரை எனப் பல நாட்டு ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன. அவர்களில் பலர் கலக்காத எண்ணெயையோ பழைய எண்ணெயையோ பயன்படுத்தியவர்கள்.

இப்போது அவளுக்குச் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். முகத்தை வெறும் தண்ணீராலோ மணம் சேர்க்காத மென்மையான கழுவும் திரவத்தாலோ மெதுவாகக் கழுவி, துடைக்காமல் ஒற்றி எடுத்து, மணமில்லாத எளிய ஈரப்பதக் களிம்பை மட்டும் தடவுங்கள்; வெள்ளை பெட்ரோலியம் ஜெல்லிகூடச் சில நாட்களுக்குப் போதும். குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்த துணியைப் பத்து நிமிடம் வைத்தால் அரிப்பு தணியும். பருவுக்கான வேறு எந்த மருந்தும், வேறு எந்த வாசனை எண்ணெயும், வீட்டில் அரைத்துப் பூசும் எதுவும் இப்போது வேண்டாம். கண்ணிமை வரை வீக்கம் வந்திருப்பதால் ஓரிரு நாட்களுக்குள் மருத்துவரைப் பார்ப்பது நல்லது. முகத்துக்கு ஏற்ற மென்மையான ஸ்டீராய்டு களிம்பைக் குறைந்த நாட்களுக்கு அவர் எழுதித் தரக்கூடும். அதை நீங்களாகவே கடையில் வாங்கித் தடவாதீர்கள். முகத்துக்கும் இமைக்கும் பொருந்தாத வீரியமுள்ள ஸ்டீராய்டு பருவை அதிகமாக்கும், தோலை மெலிய வைக்கும், கண்ணுக்கும் கேடு தரும். கண் திறக்க முடியாத அளவுக்கு வீங்கினாலோ, பார்வை மங்கினாலோ, சீழும் காய்ச்சலும் வந்தாலோ அன்றே செல்ல வேண்டும்.

அழற்சி முழுவதும் ஆறிச் சில வாரங்கள் கழிந்த பிறகு, ஒட்டுப் பரிசோதனை செய்துகொள்ளுமாறு வலியுறுத்துகிறேன். ஐயத்துக்குரிய பொருட்களை முதுகில் சிறு சிறு ஒட்டுகளாக 48 மணி நேரம் வைத்திருந்து, எடுத்த அன்றும் அதன்பின் இரண்டொரு நாள் கழித்தும் தோலைப் பார்த்து முடிவு சொல்வார்கள். ஐயத்தைத் தீர்த்துக்கொள்வது மட்டும் இதன் நோக்கமன்று. இந்த ஒவ்வாமை ஒருமுறை வந்துவிட்டால் பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் நிலைக்கும். டீ ட்ரீ எண்ணெயோ ஷாம்பு, பருக் களிம்பு, ஈரத் துடைப்பான், சோப்பு, பற்பசை என்று எதிர்பாராத இடங்களிலெல்லாம் சேர்க்கப்படுகிறது. இதற்கு ஒவ்வாமை உள்ளவர்களில் சிலருக்கு, பெயின்ட் கரைக்கப் பயன்படும் டர்பன்டைன், சில வகை ஒட்டுநாடாக்களில் உள்ள கொலோஃபனி என்ற பிசின், வேறு வாசனை எண்ணெய்கள் ஆகியவையும் ஒத்துக்கொள்வதில்லை. 15 வயதிலேயே எவற்றைத் தவிர்க்க வேண்டும் என்று தெரிந்துகொண்டால், பின்னாளில் காரணம் புரியாத தடிப்புகளோடு அவள் அலைய வேண்டியிராது. பொருட்களின் பட்டியலில் மெலலூகா என்ற பெயர் இருந்தால் அதுவும் இதுவே என்பதை அவளுக்குச் சொல்லி வையுங்கள்.

பருவுக்கு இந்த எண்ணெய் உதவும் என்று நீங்கள் நம்பியதில் தவறில்லை. 1990இல் ஆஸ்திரேலியாவில் 124 பேரிடம் நடந்த ஆய்வொன்றில், 5 சதவீத டீ ட்ரீ ஜெல்லும், பருவுக்கு வழக்கமாகத் தரப்படும் மருந்தான பென்சாயில் பெராக்சைடு 5 சதவீத அளவிலும் ஒப்பிடப்பட்டன. இரண்டும் பருக்களைக் குறைத்தன. டீ ட்ரீ ஜெல் மெதுவாகவே வேலை செய்தது, ஆனால் பக்கவிளைவு கண்டவர்கள் அதில் 44 சதவீதமும் மற்றதில் 79 சதவீதமுமாக இருந்தார்கள். இங்கே நீங்கள் கவனிக்க வேண்டியது 5 சதவீதம் என்ற அளவை. உங்கள் மகளின் கன்னத்தில் பட்டது அதைப்போல் இருபது மடங்கு. ஆய்வு காட்டிய நன்மையை, ஆய்வில் பயன்படுத்தாத அளவில் தேடினால் கிடைக்காது. இனி அவளுக்கு அந்த 5 சதவீத ஜெல்லும் கூடாது என்பதை மறக்க வேண்டாம். ஒவ்வாமைக்குச் சிறு அளவும் போதும். தோல் முழுவதும் ஆறிய பிறகு, மருத்துவரின் மேற்பார்வையில் 2.5 சதவீத பென்சாயில் பெராக்சைடோ மற்றொரு பரு மருந்தான 0.1 சதவீத அடாபலீனோ ஒன்றுவிட்டு ஒரு நாள் இரவில் மெல்லிய பூச்சாகத் தொடங்கலாம். இரண்டுக்கும் 8 முதல் 12 வாரம் பொறுமை வேண்டும். அந்த வயதுப் பிள்ளைக்கு அது நீண்ட காலமாகத் தோன்றும்; முதல் வாரத்திலேயே பயன் தெரியவில்லை என்று மருந்தைக் கைவிடுவதும் மாற்றி மாற்றிப் பூசுவதும்தான் பெரும்பாலும் தழும்பில் கொண்டுபோய் விடுகின்றன என்பதை அவளிடம் அன்போடு எடுத்துச் சொல்லுங்கள்.

உங்கள் கணவரின் கால்விரல் இடுக்கு அரிப்பு பூஞ்சைத் தொற்றாக இருக்க வாய்ப்பு அதிகம். இதில் டீ ட்ரீ எண்ணெயின் வரலாறு நமக்கு ஒரு எச்சரிக்கையைத் தருகிறது. 1992இல் வெளிவந்த ஆய்வில், 10 சதவீத டீ ட்ரீ களிம்பு அரிப்பையும் எரிச்சலையும் டோல்னாஃப்டேட் என்ற பூஞ்சை மருந்துக்கு இணையாகக் குறைத்தது. ஆனால் பூஞ்சை உண்மையில் அழிந்ததா என்று ஆய்வகத்தில் பார்த்தபோது, டோல்னாஃப்டேட் போட்டவர்களில் 85 சதவீதத்தினருக்கு நீங்கியிருந்த பூஞ்சை, டீ ட்ரீ போட்டவர்களில் 30 சதவீதத்தினருக்கு மட்டுமே நீங்கியிருந்தது. அரிப்பு நின்றுவிட்டதால் நோய் தீர்ந்தது என்று எண்ணி, தொற்றை ஈரத் தரையிலும் காலுறையிலும் வீட்டாரிடம் பரப்பிக்கொண்டிருக்கும் நிலை இதனால் ஏற்படும். 2002இல் 25, 50 சதவீதக் கரைசல்களை வைத்து நடந்த மற்றொரு ஆய்வில் முடிவு மேம்பட்டது: 50 சதவீதக் கரைசலில் 64 சதவீதத்தினருக்கும், மருந்தில்லாத போலிக் கரைசலில் 31 சதவீதத்தினருக்கும் பூஞ்சை நீங்கியது. ஆனால் அந்த வீரியத்துக்கு விலையாக, எண்ணெய் தடவியவர்களில் நால்வருக்கு மிதமானது முதல் கடுமையானது வரையிலான தோல் அழற்சி வந்தது. ஒரு வாரத்தில் வேலையை முடிக்கக்கூடிய 1 சதவீத டெர்பினாஃபின் களிம்பு எளிதாகக் கிடைக்கும்போது இவ்வளவு பாடு எதற்கு என்பதே என் கேள்வி. அதைத் தினம் ஒருமுறை, இடுக்கை நன்றாக உலர்த்திய பின், சுற்றியுள்ள தோலிலும் சேர்த்துத் தடவட்டும். காலுறையைத் தினமும் மாற்றட்டும். ஒரே காலணியை இரண்டு நாள் தொடர்ந்து அணியாமல் காய விடட்டும். அவருக்கு நீரிழிவு இருந்தாலோ, தோல் வெடித்து நீர் வடிந்தாலோ, சுயவைத்தியம் வேண்டாம். நகம் தடித்து மஞ்சளாகியிருந்தால் எண்ணெயை நம்பிக் காத்திருக்கவும் வேண்டாம். ஆறு மாதம் கலக்காத எண்ணெயைத் தடவிய ஆய்விலும் நூறில் பதினெட்டுப் பேருக்கு மட்டுமே பூஞ்சை நீங்கியது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த எண்ணெய்க்கு நேர்மையான இடம் ஒன்று உண்டு. பொடுகுக்கு 5 சதவீத டீ ட்ரீ ஷாம்பு நான்கு வாரத்தில் 41 சதவீத முன்னேற்றம் தந்தது; எண்ணெய் சேர்க்காத ஷாம்பு தந்தது 11 சதவீதம். தலையில் மூன்று நிமிடம் மட்டும் இருந்து கழுவப்படுவதால் தோலுக்குச் சுமையும் குறைவு. ஒவ்வாமை இல்லாத பெரியவர் ஒருவர் பயன்படுத்த விரும்பினால் நான் தடுக்க மாட்டேன். ஆனால் உங்கள் வீட்டில், மகளின் துண்டும் தலையணையும் மற்றவர்களுடையதோடு கலந்திருக்கும் வரை, அதையும் ஒத்திவைப்பதே நலம்.

இனி வீட்டுப் பயன்பாட்டுக்கு வருகிறேன். மகளின் தோலுக்கும் தரை துடைப்பதற்கும் தொடர்பில்லை என்று நீங்கள் நினைக்கக் கூடும். உண்மையில் இரண்டும் ஒன்றுதான். எண்ணெய் கலந்த நீரால் துடைத்த தரையிலிருந்தும், சுவரில் தெளித்த கரைசலிலிருந்தும், அறையில் மணம் பரப்பும் கருவியிலிருந்தும் எழும் ஆவி, ஏற்கெனவே ஒவ்வாமை கொண்ட ஒருவரின் கண்ணிமையையும் கழுத்தையும் தொடாமலே தடிக்க வைக்கும். முகத்தில் தடவுவதை நிறுத்திய பின்னும் வீக்கம் வடியாவிட்டால் பலர் மருந்தைக் குறை சொல்வார்கள். காரணம் பக்கெட்டில் இருக்கும்.

அந்தப் பக்கெட்டினால் பயனும் இல்லை என்பதைக் கணக்குப் போட்டே காட்டலாம். இருபது சொட்டு ஏறக்குறைய ஒரு மில்லிலிட்டர். 5 லிட்டர் தண்ணீரில் ஐந்து சொட்டு விட்டால் எண்ணெயின் அளவு 0.005 சதவீதம். பாக்டீரியாக்கள் பலவற்றைக் கட்டுப்படுத்த ஆய்வகத்தில் தேவைப்பட்டது 0.25 முதல் 1 சதவீதம் வரை; அதாவது ஐம்பது முதல் இருநூறு மடங்கு. அந்த அளவை எட்ட வேண்டுமானால் ஒரு பக்கெட்டுக்கு 12 முதல் 50 மில்லிலிட்டர் எண்ணெய் ஊற்ற வேண்டும். அப்படி ஊற்றினாலும் அது தண்ணீரில் கரையாது. மேலே திட்டுத் திட்டாக மிதந்து, துடைப்பத்தில் ஒட்டி, தரையில் ஓரிடத்தில் செறிவாகவும் மற்ற இடங்களில் இல்லாமலும் படியும். வீட்டுத் தரைக்குச் சோப்புக் கரைசலும் நன்றாக உலர விடுவதும் போதும். நல்ல மணம் வருவதால் தூய்மையாகிவிட்டது என்ற நிறைவு மனதுக்குக் கிடைக்கிறதே தவிர, தரைக்கு ஒன்றும் கிடைப்பதில்லை.

குளியலறைப் பூஞ்சையில் நிலை சற்று வேறு. செறிவான டீ ட்ரீ கரைசல் பூஞ்சையின் வளர்ச்சியைத் தடுக்கும் என்பது உண்மைதான். ஆனால் சுவரில் பூஞ்சை வருவது ஈரத்தால். ஈரம் இருக்கும் வரை எதைத் தெளித்தாலும் அது திரும்பி வரும். கசியும் குழாயும், காற்றோட்டமில்லாத அறையும், குளித்தபின் மூடியே கிடக்கும் கதவும்தான் நீங்கள் முதலில் பார்க்க வேண்டியவை. சுவரைக் கையுறையும் முகக்கவசமும் அணிந்து, சோப்புத் தண்ணீரும் தூரிகையும் கொண்டு தேய்த்து, முழுவதும் உலர விடுங்கள். பிளீச்சிங் கரைசல் பயன்படுத்துவதானால் தனியாக, சன்னலைத் திறந்து வைத்துப் பயன்படுத்துங்கள். அதனுடன் வினிகரையோ அமிலக் கழிவறைத் திரவத்தையோ கலந்தால் குளோரின் வாயு கிளம்பி நுரையீரலைத் தாக்கும். வாசனை எண்ணெயையும் அதில் விட வேண்டாம்.

உங்கள் பூனையைப் பற்றி எழுதும்போது எனக்குக் கவலை அதிகமாகிறது. இத்தகைய எண்ணெய்களிலுள்ள பல பொருட்களை உடைத்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. பூனையோ தன் பாதத்தையும் மயிரையும் ஓயாமல் நக்கும் விலங்கு. தரையில் திட்டாகப் படிந்த எண்ணெய் பாதத்தின் வழியே தோலுக்குள்ளும் நாக்கின் வழியே வயிற்றுக்குள்ளும் போகும். அமெரிக்காவில் 2002 முதல் 2012 வரை கலக்காத டீ ட்ரீ எண்ணெயால் நஞ்சேறிய 443 நாய், பூனைகளின் பதிவுகளை ஆராய்ந்தபோது, எச்சில் வடிதல், சோர்வு, தள்ளாட்டம், கால்கள் வலுவிழத்தல், நடுக்கம் ஆகியவை தெரிந்தன. அவற்றில் 89 சதவீத நிகழ்வுகளில் எண்ணெய் தவறிக் கொட்டவில்லை; வளர்த்தவர்களே நன்மை என்று எண்ணித் தடவியும் கொடுத்தும் இருந்தார்கள். அறிகுறிகள் சில மணி நேரத்தில் தொடங்கி மூன்று நாள் வரை நீடிக்கலாம். உங்கள் பூனை தள்ளாடினாலோ, பின்னங்கால் இழுத்தாலோ, மயிரில் அந்த மணம் இருந்தாலோ, பாத்திரம் கழுவும் மென்மையான சோப்புத் திரவத்தால் கழுவி, உலர்த்தி, கதகதப்பாக வைத்துக் கால்நடை மருத்துவரிடம் உடனே கொண்டு செல்லுங்கள். உண்ணிக்கோ தெள்ளுப்பூச்சிக்கோ இந்த எண்ணெயை அதன்மேல் எந்நாளும் தடவாதீர்கள்.

வீட்டில் இருக்கும் பழைய பாட்டிலை வைத்துக்கொள்ள வேண்டாம். அதைக் கழிவுநீர்க் குழாயில் கொட்டாமல், மூடியை இறுக்கி, அபாயகரமான வீட்டுக் கழிவுகளைப் பெறும் இடத்தில் சேர்த்துவிடுங்கள். எண்ணெய் ஊறிய துணிகள் எளிதில் தீப்பற்றக்கூடியவை. அவற்றைச் சூடான உலர்த்தும் இயந்திரத்தில் போடக்கூடாது. பிற்காலத்தில் நீங்களோ கணவரோ உங்களுக்கென்று புதிதாக வாங்குவதானால், அடர்நிறக் கண்ணாடிப் பாட்டிலில் வருவதும், ஐஎஸ்ஓ 4730 என்ற பன்னாட்டுத் தரத்துக்கு உட்பட்டது என்று குறிப்பிடுவதுமான எண்ணெயைப் பாருங்கள். 2017இன் திருத்தத்தின்படி டெர்பினென்-4-ஆல் 35 முதல் 48 சதவீதமாகவும், எண்ணெயிலுள்ள மற்றொரு பொருளான சினியோல் 10 சதவீதத்துக்கு மிகாமலும் இருக்க வேண்டும். திறந்த தேதியைப் பாட்டில்மேல் எழுதி, குளிர்ச்சியான இருளில் வைத்து, ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் முடிக்காவிட்டால் கழித்துவிடுங்கள். தோலில் தடவ ஒரு தேக்கரண்டித் தாவர எண்ணெய்க்கு ஒரு சொட்டு என்றால் ஏறக்குறைய 1 சதவீதம். அங்கிருந்து தொடங்கி, முழங்கை மடிப்பின் உட்புறத்தில் தினம் இருமுறை ஒரு வாரம் தடவிப் பார்த்து, ஒன்றும் ஆகாவிட்டால் மட்டும் மேலே செல்லுங்கள். ஒரு நாள் சோதனையை நான் போதுமானதாகக் கருதுவதில்லை. ஒவ்வாமை வெளிப்பட அவகாசம் வேண்டும் என்பதை உங்கள் மகளிடமே பார்த்துவிட்டீர்கள். கண், காது, மூக்கின் உட்புறம், திறந்த புண், தீப்புண் ஆகிய எதிலும் இதை வைக்கக்கூடாது.

சிறுவனுக்கு இதைத் தடவவே வேண்டாம். பேன் தொல்லை வந்தாலும் கலக்காத எண்ணெயைத் தலையில் ஊற்றாமல், மருத்துவர் சொல்லும் மருந்தையும் நெருக்கமான பேன்சீப்பையும் நம்புங்கள். லாவண்டர் எண்ணெயும் சிலவேளை அதனுடன் டீ ட்ரீ எண்ணெயும் கலந்த பொருட்களை நாள்தோறும் பூசிய சிறுவர்கள் மூவருக்கு மார்பு பெருத்து, நிறுத்தியபின் சுருங்கியதாக 2007இல் ஒரு மருத்துவக் கட்டுரை பதிவு செய்தது. எண்ணெய்தான் காரணம் என்பது இன்னும் நிறுவப்படவில்லை. ஆனாலும் தேவையில்லாத ஒன்றைக் குழந்தை மேல் சோதித்துப் பார்க்கக் காரணமும் இல்லை.

வாய் கொப்பளிப்பதைப் பற்றிய என் பதில், வேண்டாம் என்பது. எண்ணெய் தண்ணீரில் கரையாமல் மிதப்பதால், சொட்டுகள் செறிவாகவே புண்மேல் படும். தொண்டைக்குள்ளும் வழுக்கிப் போகும். வாய்ப்புண்ணுக்கு வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர் கொப்பளியுங்கள். இரண்டு வாரத்தைத் தாண்டியும் ஆறாத புண்ணைக் கட்டாயம் காட்டுங்கள். இந்த எண்ணெய் உள்ளுக்குச் சாப்பிடும் பொருள் அன்று. 10 மில்லிலிட்டருக்கும் குறைவாகக் குடித்த சின்னஞ்சிறு குழந்தைகள் அரை மணி நேரத்துக்குள்ளாகவே குழம்பி, நடக்க முடியாமல் தள்ளாடி, மயங்கிய நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. பெரியவர் ஒருவர் அரைக் கோப்பை குடித்து நினைவிழந்ததும் உண்டு. 4 வயதுக் குழந்தை இருக்கும் வீட்டில் இது பூட்டிய அலமாரியில், மற்ற மருந்துகளோடு, உயரத்தில் இருக்க வேண்டும். குளியலறைத் தட்டில் அல்ல. தவறிக் குடித்துவிட்டான் என்று தெரிந்தால், அவனை வாந்தியெடுக்க வைக்க முயலாதீர்கள். மேலே வரும் எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் குடித்ததைவிட அதுவே பெரிய ஆபத்தாகும். வாயைத் துடைத்துவிட்டு, அறிகுறி தெரியும் வரை காத்திராமல் அவசரச் சிகிச்சைக்குக் கொண்டு செல்லுங்கள். பாட்டிலையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள், எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதைப் பார்த்தே மருத்துவர் எத்தனை மணி நேரம் அவனைக் கண்காணிப்பது என்று முடிவு செய்வார்.